இலவசக் குஞ்சு அட்டையைக் கழற்றுங்கள்: வட சென்னைத் தீவனக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட சென்னையில் கோழித் தீவனத்தோடு கோழிக்குஞ்சும் சேர்த்து விற்கும் கடை உரிமையாளர்களுக்கும், அக்கடைகளில் குஞ்சுப் பெட்டிகளை இறக்கும் மொத்த வியாபாரிகளுக்கும்,

500 ரூபாய்க்குப் புறாத் தீனி, நாய் பிஸ்கட், மீன் தீவனம் என எதை வாங்கினாலும் இரண்டு கோழிக்குஞ்சுகள் இலவசம் என்ற அட்டை, கோடை விடுமுறையை முன்னிட்டு எங்கள் பகுதிக் கடைகள் சிலவற்றின் வாசலில் தொங்குகிறது. அந்த அட்டையைக் கழற்றச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன். கடையில் நேரிலும் சொல்லிப் பார்த்தேன். "பசங்க சந்தோஷமா எடுத்துட்டுப் போகுதுங்க, உங்களுக்கு என்னம்மா?" என்று பதில் வந்தது. எனக்கு என்ன என்பதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் கொடுங்கையூரில் வீட்டு மாடியில் நாட்டுக்கோழி வளர்ப்பவள். முட்டையைத் தெருவிலேயே விற்றுவிடுகிறேன். தீவனம், தண்ணீர் டப்பா, தடுப்பு மருந்து, அவ்வப்போது குஞ்சு என எல்லாவற்றையும் தங்களிடம்தான் வாங்குகிறேன். குஞ்சு விற்பதே பாவம் என்று சொல்லும் தரப்பைச் சேர்ந்தவள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைக்கும் வீடுதான் எங்களுடையது. தங்கள் தொழில் நடந்தால்தான் என் கோழிகளுக்குத் தீனி கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவளுக்கே பொறுக்க முடியாத அளவுக்கு நிலைமை போயிருக்கிறது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

கோழி இருக்கும் வீடு என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டால், நலிந்த குஞ்சுகள் எல்லாம் அந்த வீட்டுக்குத்தான் வந்து சேரும். பள்ளி விடுமுறை தொடங்கியதும் செருப்புப் பெட்டியிலும் டிபன் டப்பாவிலும் துப்பட்டாவின் முனையிலும் வைத்துக் குழந்தைகள் கொண்டுவருவார்கள். அண்மையில் பக்கத்துத் தெருச் சிறுமி ஒருத்தி கொண்டுவந்த குஞ்சைப் பற்றிச் சொல்கிறேன். பச்சைச் சாயம் ஏறிய தூவி, அதாவது குஞ்சின் மென்மயிர், முள்முள்ளாக ஒட்டிக் கிடந்தது. காலைத் தொட்டால் சில்லென்றிருந்தது. கண்ணை மூடி, இறக்கையைத் தொங்கப் போட்டு, நின்ற நிலையிலேயே தலை முன்னால் சரிவதும் நிமிர்வதுமாக இருந்தது. திருப்பிப் பார்த்தால், மலத்துவாரத்தில் எச்சம் காய்ந்து இறுகி அடைத்திருந்தது. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து நனைத்துத்தான் அதை இளக்கி எடுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். கழுத்துக்குக் கீழே தீனிப்பையை விரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. "சோறு வெச்சேன் ஆயா, தொடவே இல்ல" என்றாள். கடையில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல, பேப்பர் பையில போட்டுக் குடுத்தாங்க" என்றாள். அன்றிரவே அது இறந்துபோனது.

அந்தச் சிறுமியையோ அவள் பெற்றோரையோ குறை சொல்லி இந்த வழக்கை முடித்துவிடலாம் என்று தாங்கள் எண்ணலாம். அவர்கள் வீட்டில் கோழி வளர்த்துப் பழக்கமில்லை. ஆனால் பொரிப்பகத்துக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் குஞ்சைக் கையில் வாங்கியவர்களில் தொழில் தெரிந்தவர் தாங்கள் மட்டும்தான். தெரிந்தவர் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டுத் தெரியாதவரிடம் கணக்குக் கேட்பது எந்த வியாபாரத்திலும் முறையாகாது.

தொழில் தெரிந்தவர்களுக்கே ஒரு விஷயத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. "மூணு நாளைக்குத் தீனி தண்ணி எதுவும் தேவையில்லம்மா, வயித்துல மஞ்சக்கரு இருக்கு" என்று கடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை. முட்டைக்குள் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கருவை, பொரிவதற்குச் சற்று முன்பு குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்த இருப்பு ஏறத்தாழ 48 முதல் 72 மணி நேரம் வரை தாங்கும். அடையிலிருக்கும் மற்ற முட்டைகளும் பொரியும்வரை தாய்க்கோழி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதற்கேற்ப அமைந்த ஏற்பாடு இது. பொரிப்பகங்கள் இதை நம்பித்தான் தீனியில்லாமல் பெட்டியில் அடைத்து அனுப்புகின்றன. ஆனால் அந்த மூன்று நாள் தொடங்குவது தங்கள் கடையில் பெட்டி இறங்கும்போது அன்று. ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளியே வந்த மணியிலிருந்து. 21ஆம் நாளில் எல்லா முட்டைகளும் ஒரே நேரத்தில் பொரிந்துவிடுவதில்லை. முந்திப் பொரிந்ததற்கும் பிந்திப் பொரிந்ததற்கும் ஒரு நாள் இடைவெளிகூட இருக்கும். பிறகு தரம் பிரித்து, ஊசி போட்டு, பெட்டிக்கு 100 என்று எண்ணி அடைத்து, நாமக்கல்லிலிருந்தோ பல்லடத்திலிருந்தோ இரவு வண்டி ஏற்றி, விடியற்காலையில் இங்கே வந்து இறங்கும்போது, முந்திப் பொரிந்த குஞ்சுக்கு இருப்பில் பெரும்பகுதி கரைந்திருக்கும். அதன்மேல் தங்கள் கடையில் விற்கும்வரை ஒரு நாளோ இரண்டு நாளோ. கடைசியாக விற்கப்படும் குஞ்சு, வீட்டுக்குப் போகும்போதே பட்டினியின் முடிவில் இருக்கிறது. அதற்கு முன்னால் சோற்றுப்பருக்கையை வைத்தால், அதைக் கொத்தத் தெம்பிருக்காது.

கடையில் பெட்டியைத் திறந்தவுடன் செய்ய வேண்டியது தங்களுக்குத் தெரியாததில்லை. வெல்லமோ குளுக்கோஸோ கலந்த தண்ணீரை ஆழமில்லாத தட்டில் வைத்து, குஞ்சு விழுந்து மூழ்காதபடி கூழாங்கல் போட்டு, ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை நீரில் தொட்டு எடுத்துவிட்டால், அது குடிக்கக் கற்றுக்கொள்ளும். பிறகு காகிதத்தை விரித்து மக்காச்சோளக் குருணையைத் தூவினால் கொத்தத் தொடங்கிவிடும். ஒரு பெட்டிக்கு அரை மணி நேர வேலை. இதைச் செய்யும் கடை ஒன்று எங்கள் பகுதியில் இருக்கிறது. அந்தக் கடைக்காரரின் குஞ்சுகளைத்தான் நான் வாங்குகிறேன். மற்றவர்களால் ஏன் முடியவில்லை என்று கேட்கும் உரிமை இதனாலேயே எனக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது சூடு. பெரும்பாலான சாவுக்குக் காரணம் இதுதான் என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ், அதாவது 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி செல்சியஸ் வீதம் குறைத்துக்கொண்டே வந்து, நான்கைந்து வாரத்தில் இறகு முளைத்தபின் விட்டுவிடலாம். தூவி மட்டும் உள்ள குஞ்சுக்குத் தன் உடல்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் இரண்டு வாரம் ஆகும்வரை சரியாக வருவதில்லை. தாயின் இறக்கைக்கடியில் கிடைப்பதை நாம் பல்பு போட்டுக் கொடுக்கிறோம். அதற்குப் பெயர்தான் புரூடர். தங்கள் கடையில் விற்கும் பொருளும்கூட.

தங்கள் கடைகளில் குஞ்சுகள் இருக்கும் பெட்டிகளை நான் நின்று பார்க்கிறேன். சிலவற்றில் பல்பே கிடையாது. சிலவற்றில் பளிச்சென்று எல்இடி பல்பு எரிகிறது. எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், குஞ்சைச் சூடாக்காது. மின்சாரம் மிச்சமாகும் என்று கடை முழுவதும் மாற்றியபோது குஞ்சுப் பெட்டியில் இருந்த பழைய குண்டு பல்பையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த வெளிச்சத்தின் கீழ் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் ஏறிக் குமிந்து கிடந்தன. அடியில் அகப்பட்டவை மூச்சுத் திணறிச் சாகும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூடு சரியாக இருக்கிறதா என்று அறிய வெப்பமானிகூடத் தேவையில்லை. பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். விலகி ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து இரைத்தால் அதிகச் சூடு. பெட்டி முழுவதும் பரவி, மெல்லிய குரலில் கீச்சிட்டுக்கொண்டு கொத்தித் திரிந்தால் சரியான சூடு. தங்கள் கடைவாசலில் கேட்பதோ, தெருமுனைவரை கேட்கும் கூர்மையான கத்தல். வாங்க வருபவர் அதைக் குஞ்சு சுறுசுறுப்பாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்.

இரவில் நடப்பது இதைவிட மோசம். கடையைப் பூட்டும்போது மின்கசிவுக்குப் பயந்து மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவது பல கடைகளில் வழக்கம். பயம் நியாயமானது, தீவன மூட்டையும் உமியும் சாக்கும் உள்ள இடம். ஆனால் குஞ்சுப் பெட்டியும் அந்த இருட்டுக்குள்தானே கிடக்கிறது? காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக இறந்தவற்றைப் பொறுக்கிப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில் எறிவதைப் பால் வாங்கப் போகும்போது கண்ணால் பார்த்திருக்கிறேன். நாய் அந்தப் பையைக் கிழித்து இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு இத்தனை போகும் என்று விலையிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். 100க்கு இரண்டு கூடுதலாகப் பொரிப்பகமே வைத்து அனுப்புகிறது. அது வழியில் ஏற்படும் இழப்புக்காக. தங்கள் கடையில் ஏற்படும் இழப்புக்காக அன்று.

"நம்ம ஊரு வெயிலுக்குப் பல்பு எதுக்குங்க?" என்பது நான் அதிகம் கேட்ட மறுமொழி. சென்னையில் மே மாதப் பகலில் 40 டிகிரியைத் தாண்டினாலும், இரவில் 28, 29 டிகிரிக்கு இறங்கிவிடும்; மார்கழி, தை இரவுகளில் 20, 21 வரை போகும். எந்த இரவும் ஒரு நாள் குஞ்சுக்கு வேண்டிய 35 டிகிரிக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்குமேல் வீட்டில் மின்விசிறி ஓடும், சில வீடுகளில் ஏசியும் ஓடும். குழந்தை தன் பக்கத்திலேயே குஞ்சைப் படுக்க வைத்துக்கொண்டு தூங்கும். பகலிலோ நேர்மாறான கொடுமை. கூட்டம் பார்க்கட்டும் என்று பெட்டியைக் கடைவாசல் நடைபாதையில், நிழலில்லாத இடத்தில் வைத்துவிடுகிறார்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் தார்ச்சாலையின் அனல் அடிக்கும் அந்த இடத்தில் குஞ்சு தப்பி ஓட ஒரு மூலைகூடக் கிடையாது. தாய்க்கோழியாக இருந்தால் சூடு வேண்டும்போது இறக்கையையும் வேண்டாதபோது நிழலையும் தரும். பெட்டியில் அடைபட்ட குஞ்சுக்கு இரண்டில் எதுவும் கிடைப்பதில்லை.

சாயத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. முட்டையினத்தில் பொரியும் சேவல் குஞ்சுகளைப் பண்ணைகள் வேண்டாமென்று ஒதுக்குவதும், அவற்றை மலிவாக வாங்கி நீலம், பச்சை, ரோஸ் என்று நனைத்து எடுத்து விற்பதும் ஊரறிந்த தொழில். எந்தச் சாயமானாலும் பொரிந்த முதல் நாட்களில் குஞ்சை நனைப்பது ஒன்றே அதற்குப் போதுமான கேடு. ஈரத் தூவியில் சூடு நிற்காது. இந்தக் கலர்க் குஞ்சுகளைப் பண்ணைத் தொழிலோடு சம்பந்தமில்லாத தள்ளுவண்டிக்காரர்கள் விற்றபோது தாங்களே அவர்களை ஏளனமாகப் பேசியிருக்கிறீர்கள். இப்போது அதே பெட்டி தீவனக் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சாயம் பூசாத குஞ்சுகளிலும் ஒரு ஏமாற்று நடக்கிறது. முட்டைக்காக வளர்க்க ஆசைப்பட்டு வருபவரிடம், பழுப்பு நிறமாக இருக்கும் எதையும் நாட்டுக்கோழி என்றும் பெட்டைக்குஞ்சு என்றும் சொல்லி விற்கிறார்கள். ஒரு நாள் குஞ்சில் பெட்டை எது சேவல் எது என்று சொல்வதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும். வாங்குபவருக்குக் கொண்டை சிவந்து பெரிதாகும்போதுதான் தெரியும்; அதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் விடியற்காலை நாலு மணிக்குக் கூவும் சேவலை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பம் அக்கம்பக்கத்தாரைச் சமாளிக்கும்? கோயில் வாசலிலோ ரயில்வே தண்டவாள ஓரத்திலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தப்பிப் பிழைத்த குஞ்சுகளின் கதை இது.

நோய்த்தடுப்பும் இதோடு சேர்ந்ததுதான். வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோய்க்கு முதல் சொட்டு மருந்தை ஒரு வார வயதிலேயே கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். அந்த மருந்து புட்டி தங்கள் கடைக் குளிர்பெட்டியில்தான் இருக்கிறது. குறைந்தது 100 கோழிக்கான அளவாகத்தான் வரும். இரண்டே இரண்டு குஞ்சு வைத்திருப்பவர் அதை வாங்கி என்ன செய்வார்? தாங்களும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. ஒருநாள் கழுத்து திருகிக்கொண்டு அது விழும்போது, அதே தெருவில் உள்ள என் கோழிகளுக்கும் அந்த நோய் வந்து சேர்கிறது. எனக்கு என்ன என்று கேட்டீர்களே, இதுவும் ஒரு பதில்.

குழந்தைகளின் உடல்நலத்தையும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமாகத் தெரியும் குஞ்சின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். அதைக் கன்னத்தில் வைத்து முத்தம் கொடுத்துவிட்டு அதே கையால் பிஸ்கட் தின்னும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது கடுமையான வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் காசு செலவாகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தங்களை மிரட்டுவதற்காக எடுக்கவில்லை. எடுக்காமலும் விட முடியவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதரல்லாத எந்த உயிரும்தான். கோழிக்குஞ்சும் அதற்குள் அடக்கம். தன் பொறுப்பிலுள்ள உயிருக்குத் தேவையற்ற வேதனை நேராமல் காப்பது வைத்திருப்பவரின் கடமை என்று அதன் 3ஆம் பிரிவு கூறுகிறது. போதுமான தீனி, தண்ணீர், தங்குமிடம் தராததும், பட்டினியாலோ தாகத்தாலோ நெரிசலாலோ துன்புறும் உயிரை விற்பனைக்கு வைப்பதும் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல்முறைக் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. மூன்று நான்கு குஞ்சுகளின் விலைகூட இல்லாத அந்தத் தொகையை நம்பி யாரும் எந்த உயிரையும் காப்பாற்றிவிட முடியாது என்பதால்தான், காவல் நிலையத்துக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாட்டுக்கோழிப் பண்ணை அமைக்க உதவும் அரசுத் திட்டத்தில் பயனாளிக்குக் கொடுக்கப்படுவது நான்கு வார வயதுடைய குஞ்சுகள். கொட்டகை போட இடமும், கோழி வளர்க்கும் ஆர்வமும் உள்ளவருக்கே புரூடர் பருவம் தாண்டிய குஞ்சைத்தான் கொடுக்கிறார்கள். வேப்பேரியில் 1903ஆம் ஆண்டிலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியும், மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் இருக்கும் ஊரில், புறாத் தீனி வாங்க வந்தவன் கையில் ஒரு நாள் குஞ்சைத் திணித்து அனுப்புகிறோம். அவன் அதைக் கேட்கவே இல்லை. வீட்டில் புரூடர் இல்லை, பூனை இருக்கிறது. இலவசமாக வந்ததற்கு யாரும் பல்பு வாங்க மாட்டார்கள். இதுதான் இந்தச் சலுகையில் எனக்குள்ள முதல் ஆட்சேபம். விலை கொடுத்து வாங்கினால் பிழைக்க வைக்க வேண்டும் என்ற கவலையாவது இருக்கும்.

வியாபாரக் கணக்கிலும் தங்களுக்கு இது நட்டம்தான். பிழைத்து வளர்ந்த ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் தீவனம் தின்னும். மாதத்துக்கு 3 கிலோ. நான்கு கோழி வைத்திருக்கும் வீடு மாதம் 12 கிலோ தீவனத்துக்கு வருடக்கணக்கில் தங்கள் கடைக்குத்தான் வரும். இரண்டாவது நாளே குஞ்சு செத்து, அழும் குழந்தையைத் தேற்றிய தாய், மறுபடி அந்தக் கடைப் பக்கம் வருவதில்லை. என் வீட்டுக்குக் குஞ்சு கொண்டுவந்தவர்களில் எத்தனை பேர் "இனிமே கோழியே வேணாம்" என்று சொல்லிப் போனார்கள் என்பதைக் கேட்டால், தங்கள் கல்லாப்பெட்டிக்கே வருத்தமாக இருக்கும்.

ஆகவே என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். இலவசக் குஞ்சு அட்டையை இன்றே கழற்றுங்கள். வேறு சலுகை கொடுங்கள். ஒரு கிலோ தீவனம் கூடுதலாகக் கொடுத்தால் யாரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை.

சாயம் பூசிய குஞ்சுகளை இறக்க மாட்டோம் என்று மொத்த வியாபாரியிடம் சொல்லுங்கள். ஒரு கடை சொன்னால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே எல்லோரும் கூடிப் பேசிச் சொல்ல வேண்டும். மொத்த வியாபாரிகளிடம் எனக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பெட்டியின் மேலும் குஞ்சு பொரிந்த தேதியையும் நேரத்தையும், இனத்தையும், போட்ட தடுப்பூசியையும் எழுதி ஒட்டுங்கள். பொரிப்பகத்தில் இந்த விவரம் இருக்கும். அதைக் கடை வரைக்கும் கொண்டுவருவதுதான் நான் கேட்பது.

கடையில் குஞ்சு வைப்பதென்றால் புரூடரில் வையுங்கள். வட்டமாக வளைத்த ஒரு தகடு, அடியில் நான்கு விரற்கடை உமி, குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்போ, அது கிடைக்காவிட்டால் இன்ஃப்ராரெட் பல்போ, ஒரு வெப்பமானி, தண்ணீர் டப்பா, தீனித் தட்டு. இவற்றில் பலவும் தங்கள் கடை அலமாரியில் விற்பனைக்கு இருப்பவை. இரவில் மெயினை அணைக்கத்தான் வேண்டும் என்றால், அந்தப் புரூடருக்கு மட்டும் தனி இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் போடுங்கள். அதுவும் முடியாத கடை, விற்காத குஞ்சுகளை இரவு வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும், அல்லது முன்பதிவு வாங்கி அன்றன்றே கொடுத்து முடிக்கட்டும். வெயிலில், நடைபாதையில் பெட்டி வைப்பதை அறவே நிறுத்துங்கள்.

ஒரு நாள் குஞ்சை ஒன்றும் இரண்டுமாக விற்காதீர்கள். நான்குக்குக் குறையாமல், புரூடர் வைத்திருப்பதாகச் சொல்பவருக்கு, பெரியவர் கையில் மட்டும் கொடுங்கள். இல்லாதவருக்கு நான்கு வாரம் வளர்த்த குஞ்சை விலை கூட்டி விற்கலாம். நானும் என் போன்றவர்களும் தங்களுக்காக அந்த நான்கு வாரம் வளர்த்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். தடுப்பு மருந்தையும் நாங்களே போட்டுவிடுவோம். ஒரு புட்டி மருந்து வீணாகாமல் முழுவதும் பயன்படும். இதில் தங்களுக்கும் லாபம் உண்டு, எங்களுக்கும் உண்டு. விலையைப் பேசிக்கொள்ளலாம்.

பில்லோடு ஒரு துண்டுத் தாள் கொடுங்கள். சூடு எவ்வளவு, எந்தத் தீனி, தண்ணீர் எப்படி வைப்பது, மருந்து எப்போது, கை கழுவ வேண்டும், பெட்டையா சேவலா என்பது உறுதியில்லை என்ற ஆறு செய்திகள் அதில் இருந்தால் போதும். எழுதித் தர நான் இருக்கிறேன். அச்சடிக்கும் செலவு மட்டும் தங்களுடையது. இறந்த குஞ்சுகளைக் குப்பைத் தொட்டியில் எறியாமல் சுண்ணாம்பு தூவிப் புதைக்க ஏற்பாடு செய்யுங்கள். கடையில் நின்று நலியத் தொடங்கும் குஞ்சை விற்காமல் தனியே எடுத்து வையுங்கள். வாங்கிய மறுநாளே நலிந்ததாகத் திரும்பக் கொண்டுவருபவரைத் திட்டி அனுப்பாதீர்கள்.

அக்கினி நட்சத்திரம் மே 4ஆம் தேதி தொடங்குகிறது. அதற்கு முன்பாக, இவற்றில் எதை எதைச் செய்யப்போகிறீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்பதைக் கடைவாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். எங்கள் பகுதியில் கோழி வளர்க்கும் வீட்டார் நாங்கள் பேசி வைத்திருக்கிறோம்: மே 4 முதல், இலவசக் குஞ்சு அட்டை தொங்கும் கடையில் தீவனம் வாங்குவதில்லை, புரூடர் வைத்திருக்கும் கடை சற்றுத் தொலைவில் இருந்தாலும் அங்கேயே போவோம்.

இப்படிக்கு,
தங்கள் கடைகளின் வாடிக்கையாளர் ஒருவர்,
கொடுங்கையூர்.